தறி நின்ற இரவு

பர்கூர் மலையில் கடைசி பஸ் திரும்பிப்போகும் இடத்துக்கும்
ஒரு மைல் மேலே இந்த விடுதி.
இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு,
ஓட்டின் மேல் போன வருசத்துச் சருகு.
நாளை இருபத்திரண்டு கிலோமீட்டர் நடை.
இன்றைக்கு எங்கள் வேலை உறங்குவது மட்டும்.

கேத்தனுக்கு இருபத்தாறு வயதிருக்கும்.
மூன்று பைகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தான்.
என்னுடையதை மட்டும் இரண்டாம் முறை தூக்கினான்.
"நாளை மத்தியானம் இதை என்கிட்டக் குடுக்கப் பாப்பீங்க.
வாங்க மாட்டேனுங்."

குடை வெளியே வந்தது. இரண்டாவது துண்டு வந்தது.
பிரபாவதி கட்டிக்கொடுத்த மாத்திரைகளில் பாதி வந்தன;
காங்கேயத்தில் மருந்துக்கடை வைத்திருப்பவளுக்கு
அதில் கொஞ்சம் வருத்தம்தான்.
பையின் அடியில், நூல் சுற்றிய தார்க்குச்சி ஒன்று.
"இது எதுக்குங்?"
எனக்கும் தெரியவில்லை.
சன்னல் திட்டில் குடைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"கால் நகம் வெட்டியாச்சுங்களா?"
இறக்கத்தில் பூட்ஸ் முட்டி நகம் கறுத்துவிடுமாம்.
விளக்கு வைத்தபின் நகம் வெட்டினால் தரித்திரம் என்று
சொல்லி வளர்க்கப்பட்ட மூன்று பேர்
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.
ஈஸ்வரமூர்த்திதான் முதலில் குனிந்தான்:
"நூல் விலை ஏறி வந்த தரித்திரத்துக்கு மேலயா?"
ஒரே நகவெட்டி. படியில் வரிசையாக உட்கார்ந்தோம்.
டக், டக் என்று இருட்டுக்குள் தெறித்தன
மூன்று ஊர் நகங்கள்.

பிறகு ராகிக் களி.
நடுவில் குழி பறித்து அவரைக்கொட்டைக் குழம்பு ஊற்ற,
ஆவியில் என் கண்ணாடி மறைந்து
தட்டு எது, கை எது என்று தெரியாமல் தின்றேன்.
வாளியில் கல்லுப்புப் போட்ட வெந்நீர், முட்டிவரை.
ஒன்பது மணிக்கெல்லாம் படுத்தாயிற்று.
கம்பளியில் முகம் தெரியாத யாரோ தேய்த்த தைல வாசம்.

பதினொன்றரை இருக்கும்.
திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தேன்.
கரண்ட் போயிருச்சு!

சோமனூரில் என் படுக்கைக்கும் தறிக்கூடத்துக்கும் நடுவே
ஒன்பது அங்குலச் சுவர்.
இருபத்துநான்கு தறி, முப்பத்தொரு வருசம்.
அந்த இரைச்சலில்தான் எனக்கு உறக்கம் வரும்.
ஒரு தறி நின்றால் விழிப்பேன்.
எட்டாம் தறியில் தார் தீர்ந்தால்
கனவுக்குள்ளேயே தெரிந்துவிடும்.
இங்கே இருபத்துநான்கும் ஒரே மூச்சில் நின்றுவிட்டன.

கை சுவரில் சுவிட்சைத் தேடியது:
சுண்ணாம்பு, ஓர் ஆணி, ஆணியில் யாருடைய தொப்பியோ.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் காது திறந்தது.
கீழே பள்ளத்தில் தண்ணி போவது.
ஓட்டின் மேல் எதுவோ ஓடி, நின்று, யோசித்து,
மறுபடி ஓடுவது.
பட்டிக்குள் ஒரு மாடு கழுத்தைத் திருப்ப
மரமணி ஒரே ஒருதரம் உருள்வது.
எல்லாவற்றுக்கும் அடியில்
டடக், டடக் என்று விடாமல் ஒன்று.
தறிதான், எங்கேயோ ஒரு தறி ஓடுகிறது என்றே நினைத்தேன்.
நெஞ்சில் கை வைத்த பிறகுதான் விளங்கியது.
ஐம்பத்துநான்கு வயதில்
இது ஓடுகிற சத்தத்தை இன்றைக்குத்தான் கேட்கிறேன்.
இதற்கு எண்ணெய் விட்டதில்லை.
ஆடிப் பதினெட்டுக்குக்கூட லீவு விட்டதில்லை.

வெளியே கணப்புப் பக்கமிருந்து கேத்தன் குரல்:
"என்னங், முழிச்சிட்டீங்களா?"
"இல்ல, ஏதோ நின்னுபோன மாதிரி..."
"எது நின்னாலும் காலைல பாத்துக்கலாமுங். படுங்க.
நாலரைக்கு எழுப்புவேன்."

படுத்தேன்.
கம்பளியை விரலால் நெருடிப் பார்த்தேன்,
பழக்கதோசம்: நெருக்கம் பத்தாத நெசவு,
ஓரத்தில் இரண்டு இழை விட்டிருக்கிறது.
யார் தறியோ. இருக்கட்டும்.
காலை நீட்டினேன்.
வெட்டிய நகம்
ஓர் இழையைக்கூட இழுக்காமல்
வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று.